சேலத்துக்கு வந்த போட்டு: எந்த ஏரியல் எதற்கு?

பழைய படகு ஒன்றின் கேபின் கூரையில் ஏழு ஏரியல்கள். உள்ளே ஆறு பெட்டிகள். ஆறில் ஒன்று ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர். அதற்குக் கூரையில் வேலையே கிடையாது, ஒலியை அனுப்பி வாங்குகிற அதன் டிரான்ஸ்டியூசர் படகின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும். ஆக, ஐந்து பெட்டிக்கு ஏழு ஏரியல். கணக்கு உதைத்தது. மிச்சம் இரண்டு எவை என்று தெரியாமல் ஒரு ஒயரைக்கூட வெட்டக்கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

போட்டு நிற்பது சேலம் கொண்டலாம்பட்டியில், தண்ணீர்த் தொட்டிகளும் லாரி முகப்புகளும் வார்க்கிற ஒரு ஃபைபர் பட்டறையில். பட்டறைக்காரத் தம்பியின் மச்சான் கடலூரில் வாங்கியது. அமெரிக்கக் கட்டுமானம், முப்பதடிக்குக் கொஞ்சம் மேல், பல கை மாறியது. ஃபைபர் வேலையை மாமன் மச்சானுக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று டிரெய்லரில் ஏற்றி ஆத்தூர் வழியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். கடலே இல்லாத ஊரில் கடல் போட்டு நிற்பதைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தம்பி டீ வாங்கிக் கொடுத்தே ஓய்ந்துவிட்டான். நான் ஒயர்லெஸ் செட் ரிப்பேர் பார்ப்பவன், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமமும் இருக்கிறது என்பதால் என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே, எது வேணும்னு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் காயலான் கடைக்குப் போட்டுடறேன். மேல இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சுப் பெயின்ட் அடிக்கணும்.” கையில் கட்டிங் பிளேயர் தயாராக இருந்தது. அதை முதலில் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த மாதிரி வேலையில் ஏரியலின் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைக்கக்கூடாது. கேபிளின் மறுமுனை எந்தப் பெட்டியில் போய்ச் சேர்கிறது, அந்தப் பெட்டி கேபிள் வழியாக மேலே மின்சாரம் அனுப்புகிறதா, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். மேலே ஒருவர் கேபிளை லேசாக இழுத்து இழுத்து விட, கீழே ஒருவர் கட்டுக்குள் கை வைத்து எது அசைகிறது என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. அசைந்ததற்கு இரு முனையிலும் பேப்பர் டேப் ஒட்டி ஒரே எண். நுரை அடைத்த குழாய்க்குள் போய் அசையாமல் நின்றவற்றுக்கு மல்டிமீட்டர். மேல்முனையை ஏரியலிலிருந்து கழற்றி, நடுப்பின்னையும் வெளிவலையையும் முதலைக் கிளிப்பால் சேர்த்துவிட்டால், கீழே சரியான கேபிளில் மட்டும் மீட்டர் கத்தும். கழற்றாமல் பார்க்கக்கூடாது. கடலில் பேசப் பயன்படும் விஎச்எஃப் செட்டுகளின் ஏரியல்களில் பலவற்றை உள்ளேயே டிசிக்கு ஷார்ட் ஆக, அதாவது நடுப்பின்னும் வெளிவலையும் சேர்ந்தே, இருக்கும்படி செய்திருப்பார்கள். கிளிப் மாட்டாமலே மீட்டர் கத்தி நம்மைச் சுற்ற விடும்.

தட்டு மாதிரி வட்டமாக, மாஸ்ட்டின் உச்சியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்ததைத்தான் தம்பி ‘சேட்டிலைட்’ என்று நம்பிக்கொண்டிருந்தான். கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால் அது படுக்கைக்கு மேலே ஒரு எஃப் சாக்கெட்டில் முடிந்தது. பழைய அனலாக் டிவி ஏரியல். எல்லாப் பக்கமிருந்தும் சிக்னல் எடுக்கும்படி வட்டமாகச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இருக்கிறதிலேயே நல்ல உயரமான இடத்தை அது பிடித்து வைத்திருந்தது. அனாதைகளில் ஒன்று கிடைத்தது.

சிக்கல் பிடித்தவை இரண்டு வெள்ளைக் குச்சிகள். இரண்டுமே எட்டடிக்குப் பக்கம், இரண்டும் ஃபைபர், இரண்டும் மடக்கிப் படுக்க வைக்கிற அடித்தாங்கியோடு. “ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே, ஒண்ணு ஸ்பேர்” என்றான் தம்பி. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்றின் அடியில் பளபளப்பான உலோகக் குப்பி மட்டும். மற்றதன் அடியில் ஒரு கைநீளத்துக்குச் சீல் வைத்த பிளாஸ்டிக் உருளை. குச்சி அதன் மேல் மரையில் திருகியிருந்தது. அந்த உருளைதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. அதன் கேபிள் நேராக லோரான் பெட்டிக்குப் போனது.

லோரான்-சி என்பது ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கரையோரக் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் வழிகாட்டியது. நூறு கிலோஹெர்ட்ஸில் ஒரு தலைமை நிலையமும் சில துணை நிலையங்களும் வரிசையாகத் துடிப்புகளை அனுப்பும். அவை நம்மிடம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை மைக்ரோ விநாடியில் அளந்து, வரைபடத்தில் அதற்கான வளைகோட்டைப் பிடிப்பார்கள். இரண்டு ஜோடிக்கு இரண்டு கோடு, கோடுகள் வெட்டுகிற இடத்தில் படகு. நூறு கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 கிலோமீட்டர். அதற்கு முன்னால் எட்டடிக் குச்சி எந்த மூலைக்கு? அதனால்தான் அடியில் அந்த உருளை: கப்ளர் என்பார்கள், உள்ளே ஒரு முன்பெருக்கி. அதற்கான மின்சாரம் அதே கேபிளில் பெட்டியிலிருந்து மேலே போகும்.

இதை ஸ்பேர் என்று நினைத்து விஎச்எஃப் செட்டில் மாட்டிப் பொத்தானை அமுக்கினால் 25 வாட் அந்த முன்பெருக்கிக்குள் போகும். கப்ளர் புகைந்துவிடும், செட்டின் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கும் உத்தரவாதம் இல்லை. காளான் மாதிரி இருக்கிற ஜிபிஎஸ் ஏரியலுக்கும் இதே கதிதான். வெளியே பார்க்கச் சாதுவாக இருக்கிற இந்த ஏரியல்களில் பாதி, உள்ளே மின்னணு வைத்தவை.

வாயால் சொன்னால் தம்பிக்கு நம்பிக்கை வராது என்று, ஏரியலைச் சோதிக்கிற சின்ன அனலைசரான நானோவிஎன்ஏவை எடுத்தேன். முதல் குச்சியில் 156.8 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கோடு அழகாகப் பள்ளம் விழுந்தது, எஸ்டபிள்யூஆர் (அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்கிற கணக்கு, ஒன்றை ஒட்டி இருந்தால் நல்லது) ஒன்றரைக்குக் கீழே. 156.8 என்பது கடலில் எல்லோரும் காது வைத்திருக்கிற 16ஆம் சேனல். இரண்டாவது குச்சியைக் கப்ளரிலிருந்து கழற்றி வைத்துப் பார்த்தால் அந்தப் பகுதி முழுக்கக் கோடு மேலேயே ஓடியது, ஒரு பள்ளம்கூட இல்லை. அதன் பிறகு ஸ்பேர் பேச்சு வரவில்லை.

கையில் அனலைசர் இல்லாதவர்களுக்கு நீளமே ஒரு குறிப்பு. 156.8க்கு அலைநீளம் 1.91 மீட்டர், அதில் பாதி ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மீட்டர் உயரத்தில் மெல்லிய ஸ்டீல் கம்பியும் அடியில் சின்னக் குப்பியும் பார்த்தால் அது பெரும்பாலும் அரை அலை விஎச்எஃப். எட்டடி ஃபைபர் குழாய்க்குள் அதே மாதிரி உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அலை பரவுகிற வீச்சு தட்டையாகும், தூரம் கூடும். ஆனால் சின்னப் படகு அலையில் ஆடும்போது அந்தத் தட்டை வீச்சு வானத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்க்கும். இவ்வளவு சின்னப் படகுக்கு நான் என்றால் ஒரு மீட்டர்க் கம்பியையே உயரமாக வைப்பேன். மச்சானுக்கு எட்டடிதான் கெத்து. இருக்கட்டும்.

கேபிள் நிலைமை வேறு கதை. விஎச்எஃப் கேபிளின் பிஎல்-259 பிளக்கை வெட்டியதும் உள்ளே வலை கறுத்துப்போய், தொட்டால் பொடியாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் வலை வழியாக ஊறி ஊறி ஏறியிருக்கிறது. ஓரிரு அங்குலம் வெட்டினால் நல்ல செம்பு வரும் என்று நினைத்து வெட்டிக்கொண்டே போனோம், கறுப்புதான் வந்தது. முழுக் கேபிளையும் மாற்றச் சொல்லிவிட்டேன். நானோவிஎன்ஏவில் எஸ்டபிள்யூஆர் அழகாக வந்ததில் ஒரு பங்கு இந்தப் பழைய கேபிளின் புண்ணியம்: போகும்போதும் திரும்பும்போதும் சிக்னலைத் தின்கிற கேபிள், கீழே இருந்து அளப்பவருக்கு எப்போதும் நல்ல எண்ணையே காட்டும். புதுக் கேபிள் போட்ட பிறகு ஏரியலின் அடியிலேயே அளந்தால்தான் உண்மை தெரியும்.

லோரான் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தேன், ஃபியூஸ் போட்டு. எரிந்தது! எண்கள் மினுக்கின, எதையோ தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பால்பாயின்ட் பேனாவால் யாரோ 9960 என்று எழுதியிருந்தார்கள். சார்ட் வைக்கிற இழுப்பறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாளில் ஐந்து இலக்க எண்கள் ஜோடி ஜோடியாக, ஒன்று 26 என்று ஆரம்பிக்க மற்றது 43 என்று. இதைப் பார்த்ததும் எனக்குப் போட்டின் ஜாதகமே கிடைத்த மாதிரி இருந்தது. 9960 என்பது அமெரிக்க வடகிழக்குக் கரையின் லோரான் சங்கிலி. தலைமை நிலையம் நியூயார்க் மாநிலத்தின் செனெகாவில். துணைகளில் நான்டக்கெட்டும் கரோலினா பீச்சும் உண்டு. துடிப்பு வரிசை 99,600 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை திரும்ப வருவதால் அந்தப் பெயர். 26ஆயிரமும் 43ஆயிரமும் நியூஜெர்சிப் பக்கத்துக் கடலில் வருகிற நேர வித்தியாசங்கள். யாரோ ஒரு மீன்பிடிக்காரர் தன் நல்ல இடங்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த எண்களுக்கு இன்று உயிர் இல்லை. அமெரிக்கா 2010 பிப்ரவரி 8ஆம் தேதி தன் லோரான் சிக்னலை நிறுத்தியது. நம் நாட்டிலும் இரண்டு சங்கிலிகள் இருந்தன: மேற்கே திராங்கத்ரா, வெராவல், பிலிமோரா, கிழக்கே பாலாசோர், பட்பூர், டயமண்ட் ஹார்பர். கடலூர்க்காரருக்கு இந்தப் பெட்டி எந்த விதத்திலும் உதவாது. பழைய படகில் இப்படி உயிரோடு எரிகிற, கேட்க ஆளில்லாத பெட்டிகள் வேறும் கிடைக்கும். ஒமேகா என்கிற இன்னொரு ரேடியோ வழிகாட்டி 1997 செப்டம்பர் 30இல் நின்றது. டிரான்சிட் என்கிற முதல் தலைமுறைச் செயற்கைக்கோள் வழிகாட்டி 1996 முடிவோடு. ‘சாட்நாவ்’ என்று எழுதியிருந்தால் உடனே ஜிபிஎஸ் என்று சந்தோஷப்பட வேண்டாம், டிரான்சிட்டாக இருக்கலாம். அது 150, 400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்ததால் ஏரியலும் கம்பி மாதிரி இருக்கும்.

கூரையில் காளான் மாதிரி இருந்த இரண்டில் சின்னது ஜிபிஎஸ். பெட்டியின் ஏரியல் சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. மேலே பெருக்கி வைத்த காளானுக்குப் போகும் தீனி அது. இந்த மின்சாரம் வரும் சாக்கெட்டில், டிசிக்கு ஷார்ட் ஆன விஎச்எஃப் ஏரியலை மாட்டினால் பெட்டி பழுதாகலாம். மாட்டுவதற்கு முன் மீட்டர் என்பதை எங்கேயும் விடாமல் கடைப்பிடியுங்கள்.

பட்டறைத் தகரக் கூரைக்கு வெளியே தள்ளி வைத்து ஆன் செய்தோம். உள் பேட்டரி செத்திருந்ததால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்கிற அட்டவணை எதுவும் அதனிடம் இல்லை. முழு அட்டவணையும் வானத்திலிருந்து இறங்கவே பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். இது மாதிரி பழசுகள் அதற்கு முன்னால் வெகுநேரம் இருட்டில் துழாவும். “செத்த பெட்டி அண்ணே” என்று தம்பி நாலு தடவை சொல்லி முடித்த பிறகு இடம் காட்டியது. 11 டிகிரி சொச்சம் வடக்கு, 78 டிகிரி சொச்சம் கிழக்கு. செல்போன் சொன்னதோடு ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டினால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் மெனுவில் டேட்டம் (இடத்தைக் கணக்கிடுகிற வரைபட அடிப்படை) என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள்; டபிள்யூஜிஎஸ்-84 இருக்க வேண்டும்.

தேதிதான் வேடிக்கை. அன்று 2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. பெட்டி காட்டியது 2005 ஆகஸ்ட் 20. நாள்காட்டியில் பார்த்தால் அதுவும் சனிக்கிழமை. இந்தப் பெட்டி கேட்கிற பழைய ஜிபிஎஸ் சிக்னலில் வாரக் கணக்குக்குப் பத்து பிட்தான் இடம். 1023க்கு அப்புறம் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு முறை, 2019 ஏப்ரலில் ஒரு முறை அப்படிச் சுழன்றது. பழைய பெட்டிக்கு இரண்டாவது சுழற்சி தெரியாது, 1024 வாரம் பின்தங்கிவிட்டது. முழு வாரக்கணக்காகப் பின்தங்குவதால் கிழமை மட்டும் தப்பவே தப்பாது. இந்தப் பெட்டியில் இடம், வேகம், திசை எல்லாம் சரியாகவே வந்தன. தேதியை நம்பி எதுவும் செய்யக்கூடாது, அவ்வளவே. மச்சானிடம் போனில் சொன்னபோது, “மீனுக்குத் தேதி எதுக்குங்க” என்றார்.

பெரிய காளானின் கேபிள் டேஷ்போர்டுக்குப் பின்னால் வந்து, எதிலும் சேராமல் சுருட்டி டை போட்டுக் கிடந்தது. இரண்டாவது அனாதை. அளவைப் பார்த்தாலே ஊகிக்கலாம்: ஜிபிஎஸ்ஸோடு, அதன் பிழையைத் திருத்தக் கரையிலிருந்து 283.5 முதல் 325 கிலோஹெர்ட்ஸ் வரை அனுப்பும் டிஜிபிஎஸ் சிக்னலையும் பிடிக்கிற கூட்டு ஏரியல், அந்தக் கீழ் அலைவரிசைக்கான சுருளுக்குத்தான் அந்த அகலம். அமெரிக்கா 2000 மே மாதம் வரை பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே பிழை கலந்து விட்டது. நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். அந்தக் காலத்தில் இந்தத் திருத்தச் சிக்னலுக்கு மதிப்பு அதிகம். பெட்டியை எந்தக் கையோ கழற்றிப் போய்விட்டது.

ரேடாரை நான் ஆன் செய்யவே இல்லை. ரேடோமில், அதாவது சுழலும் ஏரியலின் மூடியில், விரிசல், திறந்தால் குளவிக் கூடு, ஸ்கேனரைச் சுழற்றும் பெல்ட் இற்றுப்போயிருந்தது. திரை பழைய பிக்சர் டியூப். அதற்கும் ரேடார் அலையை உண்டாக்குகிற மேக்னட்ரானுக்கும் கிலோ வோல்ட் கணக்கில் வேண்டும், ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டர் பிடித்து வைத்திருக்கும். இதற்கு மட்டும் காயலான் கடை சம்மதம். ஒரே நிபந்தனை: மேக்னட்ரானைச் சுத்தியலால் உடைக்கக்கூடாது. சிலவற்றின் பீங்கான் பெரிலியம் ஆக்சைடு, அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

எக்கோ சவுண்டரின் கேபிளைத்தான் தம்பி முதல் ஆளாக வெட்டியிருப்பான். சாம்பல் நிறத்தில் தடிமனாகக் கீழே படகின் அடிவயிறான பில்ஜ் பக்கம் எங்கேயோ போகிறது, மேலே எதற்கும் சம்பந்தமில்லை. வெட்டியிருந்தால் டிரான்ஸ்டியூசரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அதன் முகத்தில் தடித்த பெயின்ட் அப்பியிருந்தது. சுரண்டாமல் நைசாகத் தேய்த்து எடுக்கச் சொன்னேன். காது வைத்தால் டிக் டிக் என்று கேட்கிறது. மிச்சத்தைக் கடலில்தான் பார்க்க முடியும்.

நேவ்டெக்ஸ் பெட்டிதான் எனக்குப் பிடித்துப்போனது. 518 கிலோஹெர்ட்ஸில் வருகிற வானிலை, அபாய எச்சரிக்கைகளைத் தானாகவே சின்னத் தாளில் அடித்துத் தரும். மேலே முழ நீளத்தில் ஒரு மொட்டை ஏரியல், அதற்கும் உள்ளே பெருக்கி. தாள் சுருள் கிடைக்காமல் பழைய ஃபேக்ஸ் ரோலை ஹேக்ஸாவால் அகலத்துக்கு அறுத்துப் போட்டேன். கொண்டலாம்பட்டியில் வைத்துப் பார்த்தால் தாள் முழுக்க நட்சத்திரக் குறிதான் வந்தது. எழுத்து புரியாத இடத்தில் அந்தப் பெட்டி நட்சத்திரம் போடும். சுற்றிலும் விசைத்தறி, எல்இடி விளக்கு, சார்ஜர்; அந்த அலைவரிசையில் இரைச்சலுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு நண்பரின் காப்பித் தோட்டம் இருக்கிறது. பெட்டி, ஏரியல், ஒரு லாரி பேட்டரி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசிகளில் ஏறினோம். வீட்டின் மெயினையே ஆஃப் செய்துவிட்டு, சில்வர் ஓக் மரத்தடியில் ஏரியலை நட்டு, இரவு உட்கார்ந்தோம். கடலோர நிலையங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிஷம்தான் முறை; பரங்கிப்பேட்டையிலேயே ஒன்று இருக்கிறது, நேர்கோட்டில் ஏற்காட்டிலிருந்து 170 கிலோமீட்டர் அளவுதான். நடு இரவுக்குப் பின் பிரின்டர் கரகரவென்று இறங்கியது. முதல் வரியில் இசட்சிஇசட்சி, அதையடுத்து நிலைய எழுத்து, செய்தி வகை எழுத்து, இரண்டு இலக்க எண். கடைசியில் நான்கு ‘என்’ எழுத்து. நடுவே வங்கக்கடல் வானிலை, இரண்டே இரண்டு நட்சத்திரத்தோடு. எழுத்துகளைச் சூடு போட்டு அச்சடிக்கிற தாளின் வாசனையோடு அதைத் தம்பி கையில் கொடுத்தேன். “இது ஓடுது அண்ணே” என்றான். அதோடு இதன் தலையெழுத்து மாறியது.

மேலே இருக்கும்போதே கப்பல்களின் 16ஆம் சேனல் கேட்கிறதா என்றும் பார்த்தேன், கேட்க மட்டும். 1,500 மீட்டர் உயரத்துக்கு ரேடியோத் தொடுவானம் 160 கிலோமீட்டர், கப்பலின் ஏரியல் உயரத்தையும் சேர்த்தால் காகிதத்தில் கடலூர்க் கடல் எட்டுகிறது. காதில் ஒன்றும் விழவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 55 கிலோமீட்டர் தள்ளி அந்த நேர்கோடு 650 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கே கல்வராயன் மலை அதைவிட உயரமாக நிற்கிறது. 518 கிலோஹெர்ட்ஸுக்கு அந்த மலை ஒரு பொருட்டே இல்லை, 156 மெகாஹெர்ட்ஸுக்குச் சுவர்.

கூரைக் கணக்கில் வராத ஒன்றை வேலையின் நடுவில் கண்டுபிடித்தேன். இருக்கைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டுகளோடு மஞ்சள் நிற இபிர்ப். ஆபத்தில் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கும், தேடி வருபவர்களுக்காக 121.5இலும் கூவுகிற கருவி. பேட்டரித் தேதி காலாவதி. காலாவதி என்பதற்காகச் செத்தது என்று அர்த்தமில்லை. காயலான் கடை லாரியில் மழையில் நனைந்து கூவ ஆரம்பித்தால் தகவல் பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்துக்கும் கடலோரக் காவல் படைக்கும் போய், யாரோ சேலத்தில் கப்பல் தேட வேண்டியிருக்கும். சோதனைப் பொத்தானைக்கூட நான் தொடவில்லை. தாங்கியிலேயே வைத்து, ஈரம் படாமல் சுற்றி, அதன் பதினைந்து இலக்க அடையாளக் குறியீட்டை எழுதி மச்சானுக்கு அனுப்பினேன். பேட்டரியை மாற்றி, தன் பெயரில் பதிவு செய்ய வேண்டியது அவர் பொறுப்பு.

இப்போது கூரையில் மிஞ்சுவது மூன்று: விஎச்எஃப் குச்சி, சின்னக் காளான், நேவ்டெக்ஸ் மொட்டை. டிவித் தட்டு இருந்த உச்சிக்கு விஎச்எஃப் போகிறது. பெரிய காளானும் ரேடோமும் இறங்கிவிட்டன, அவற்றின் துளைகளைத் தம்பி அடைத்துத் தேய்த்துவிட்டான். லோரான் பெட்டியையும் கப்ளரையும் நான் எடுத்துக்கொண்டேன். கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னதற்கு மச்சான் சிரித்தார். எண் ஒட்டிய கேபிள் படத்தை வரைந்து லேமினேட் செய்து ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியாயிற்று. விஎச்எஃப் செட்டை, ஏரியலுக்குப் பதில் மாட்டுகிற ஐம்பது ஓம் டம்மி லோடில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன், 22 வாட் வருகிறது. படகுக்கான ஒயர்லெஸ் உரிமம் மச்சான் பெயருக்கு வரும் வரை மைக்கைக் கழற்றித் தம்பியின் மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறோம்.